சொல்லாப் பெயரும் நட்ட கல்லும்: தோட்டத்து இடுகாடுகளில் நம் மூதாதையர்



இப்பொழிவு வரிசையில் தமிழ்மொழி பற்றி உரையாற்றுமாறு யாம் பணிக்கப்பெற்றோம். மொழியியலார் பெரும்பாலும் உயிரோடிருப்பவர் பேச்சையே ஆராய்வர். மறைந்தோர் துயிலும் இடத்தை யாம் இன்று பொருளாக எடுத்துக்கொண்டது சிலர்க்கு வியப்பளிக்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த சிலாங்கூர்க் கடலோரத்திலும் இருந்த தோட்டத்து இடுகாடுகளில் நம் முன்னோர் பெயர்கள் சில கல்லிலும் சிமெண்டிலும் எழுதப்பட்டிருந்தன. அவற்றுட் பல இன்று இல்லை. எஞ்சியவையும் நெடுநாள் நில்லா. அப்பெயர்கள் வேறெங்கும் எழுதப்படாதவை என்பதே நாம் இங்குக் கருத வேண்டிய செய்தி. அஃது ஏன் அவ்வாறு ஆயிற்று என்பதற்கு விடை நம் மொழிமரபிலேயே உள்ளது.

பெயரன் என்னும் சொல்

மகனின் மகனையும் மகளின் மகனையும் நாம் பேரன் என்கிறோம். இச்சொல்லின் பழைய வடிவம் பெயரன். வியர்வை என்பது வேர்வை எனவும் பெயர் என்பது பேர் எனவும் திரிந்தாற்போலவே பெயரன் என்பது பேரன் ஆயிற்று. பெயர்த்தி என்பது பேத்தி ஆயிற்று. பெயரன் என்றால் பெயரை உடையவன். யாருடைய பெயரை? பாட்டனுடைய பெயரை. தந்தைவழிப் பாட்டன் பெயரை மூத்த பெயரனுக்கும் பாட்டி பெயரை மூத்த பெயர்த்திக்கும் இடுதல் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். ஓர் உறவுமுறைச் சொல்லே அவ்வழக்கத்தைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது.

ஒன்றுவிட்ட தலைமுறையில் பெயர் மீண்டும் வருதல் அரசர் குடிகளிலும் காணப்படும். சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடினர். பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என்னும் பெயர்களை அவ்வாறே தாங்கினர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் எனப் பெயர் பூண்டனர். தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் பாட்டனார் பெயர் பேரப்பிள்ளைக்கு வருதல் இன்றும் உண்டு. இவ்வவையில் அமர்ந்திருப்போருள் பலர் அத்தகைய பெயரைத் தாங்கியிருப்பர்.

குடும்பப்பெயர் என ஒன்றைத் தலைமுறை தோறும் சுமந்து செல்லும் வழக்கம் தமிழரிடம் பரவலாக இல்லை. சீனர் குலப்பெயர் நூறு தலைமுறை கடந்தும் நிற்கும். நமக்கு அது கிடையாது. அக்குறையை நிரப்பியது பெயரன் முறையே. பெயர் ஒரு தலைமுறையைத் தாண்டி அடுத்த தலைமுறையில் மீண்டும் தலைகாட்டும். ஆதலால் குடும்பம் தன் இரண்டு பெயர்களை மறக்காமல் வைத்திருந்தது.

மலேசியாவில் நம் அடையாள அட்டையில் தன் பெயரும் தந்தை பெயரும் உள்ளன. இரண்டுக்கும் நடுவே 'அனாக் லெலாக்கி' அல்லது 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கம் நிற்கிறது. பெயரன் முறை வழக்கிலிருந்தவரை இவ்விரு பெயர்களே போதுமானவையாக இருந்தன. ஏனெனில் தன் பெயரே பாட்டன் பெயர். புதுப்பெயர்களை விரும்பி இடத் தொடங்கியபின், எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் பெயரிடத் தொடங்கியபின், அச்சங்கிலி அறுந்தது. இன்று பிறக்கும் குழந்தையின் ஆவணத்தில் பாட்டன் பெயர் தன் பெயராகவும் வராது. தந்தை பெயராகவும் வராது.

சொல்லாப் பெயர்

எழுத்தில் இல்லையாயின் பேச்சிலாவது அப்பெயர் நின்றிருக்கக் கூடாதா என நீங்கள் வினவலாம். அதற்கும் நம் மரபு ஒரு தடை வைத்திருந்தது. மனைவி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். தன் மகனுக்கு மாமனார் பெயரை இட்டிருந்தால் பெற்ற மகனையே பெயர் சொல்லி அழைக்கமாட்டாள். ஐயா என்றும் சாமி என்றும் தம்பி என்றும் அழைப்பாள். பிள்ளைகளுக்குப் பாட்டனார் என்றும் தாத்தா, இறந்தபின்னும் தாத்தா. மரியாதை மிக மிகப் பெயர் நாவிலிருந்து விலகியது.

எம் பாட்டியார் தம் கணவர் பெயரைச் சொல்லிக் கேட்டவர் எவரும் இலர். 1948 ஆம் ஆண்டில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு அடையாள அட்டைப் பதிவு தொடங்கியபோது, தோட்டத்துக் கிராணியார் கணவர் பெயரைக் கேட்டார். பாட்டியார் முருகனின் படைவீடுகளை எண்ணிக்கொண்டு வந்து மூன்றாவதில் நிறுத்திவிட்டார். கிராணியார் புரிந்துகொண்டு எழுதினார். இது எம் குடும்பத்துக்கு மட்டும் உரிய கதை அன்று. தோட்டங்களில் வளர்ந்த பலரும் இதைப் போன்ற ஒன்றைச் சொல்வர்.

எனவே வாய் சொல்லாத பெயரைச் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அவ்விடம் கல். குடும்பத்தில் எவரும் உச்சரிக்கத் துணியாத பெயரை எவரும் படிக்கும்படி வைத்திருந்தது இடுகாட்டுக் கல்லே. அக்கல் போயிற்று என்றால், மரியாதை காரணமாகச் சொல்லாதுவிட்ட பெயர் மெய்யாகவே இல்லாமற்போகும். இன்றைய உரையின் மையக் கருத்து இதுவே.

பெயர் சொல்லும் கல்

இறந்தோரை என் செய்வது என்பதில் தமிழர் ஒரே வழியைக் கைக்கொண்டவர் அல்லர். மணிமேகலைக் காப்பியம் புகார் நகரத்து ஈமப்புறங்காட்டைக் காட்டுமிடத்தில் ஐவகை முறைகளை எடுத்துரைக்கிறது: எரித்தல், வெளியில் இட்டுவிடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த அறையில் வைத்து அடைத்தல், தாழியில் இட்டுக் கவித்தல். சுடுகாடு, இடுகாடு என்னும் சொற்கள் இவ்வேறுபாட்டிலிருந்து பிறந்தவை. தாமிரவருணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1876 இல் யாகோர் என்னும் செருமானியரும், 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் ரீயும் அகழ்ந்தபோது வெளிப்பட்ட தாழிகள் தாழிப் புதைப்பின் தொன்மையைக் காட்டின.

புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல் நடுதல் இதனினும் வேறான ஒரு செயல். தொல்காப்பியம் நடுகல்லுக்குரிய படிகளை முறையாகச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்து காணுதல், அதனைக் கொணர்தல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என ஆறு படிகள் அவை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்துகள் உள்ளன. அவை கிறித்துவுக்கு முற்பட்டவை என்று அறிஞர் கருதுவர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோட் பூசலில் வீழ்ந்த ஒருவனுக்கு நட்ட கல். அதில் மூன்று செய்திகள் மட்டும் உள்ளன: ஆள் யார், ஊர் எது, என்ன நேர்ந்தது. அவன் அரசன் அல்லன், ஆநிரைக்காக மாண்டவன். அவன் பெயரை இன்றும் படிக்க முடிகிறது.

அரசர்க்குப் பள்ளிப்படை எழுந்தது. ஆதித்த சோழனுக்கு அவன் மகன் முதற் பராந்தகனும், அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் முதல் இராசராசனும், பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறையில் முதல் இராசேந்திரனும் எடுத்த கோயில்கள் பள்ளிப்படைகளே. பள்ளி என்பது துயிலிடம். படை என்பது படுத்தல் தொடர்பானது. பேரரசன் ஒருவனின் துயிலிடமும் ஆநிரைக்காக இறந்தவனின் கல்லும் ஒரே பணியைச் செய்தன. அப்பணி பெயரை நிறுத்துதல்.

இந்நாட்டுக்கு வந்த தமிழர் தத்தம் சமயத்திற்கும் ஊருக்கும் ஏற்ப வேறுவேறு சொற்களைக் கொண்டுவந்தனர். தமிழ் முஸ்லிம்கள் மையவாடி என்றும் கபுறடி என்றும் சொல்வர். தலைமாட்டில் நடும் கல்லை மீசான் கல் என்பர். மலாய்க்காரர் அதனை 'பத்து நீசான்' என்பர். நீசான் என்பது அடையாளம் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். மலாய் மொழியின் 'குபுர்', தமிழ் முஸ்லிம்களின் கபுறு ஆகிய இரண்டும் ஒரே அரபுச் சொல்லின் வடிவங்கள். பிரிக்பீல்ட்சில் குடியேறி இரயில்வே அலுவலகங்களில் பணியாற்றிய யாழ்ப்பாணத்தார் சுடலை என்றனர். அவர்களுட் கிறித்தவர் சேமக்காலை என்றனர். தோட்டத்து மக்கள் எரித்தாலும் புதைத்தாலும் சுடுகாடு என்றே வழங்கினர். இத்தனை சொற்களும் ஒரே மாநிலத்துக்குள் ஒரே நூற்றாண்டில் புழங்கின என்பது சிலாங்கூரின் சிறப்பு.

தோட்டத்து இடுகாடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பியும் பின்னர் இரப்பரும் பயிரிடுவதற்காகச் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். ஒப்பந்தக் கூலிமுறை 1910 இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை அதன்பின்னும் நீடித்தது. 1938 இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் புறப்படுவதைத் தடைசெய்தபோது அவ்வரவு நின்றது. ஏறத்தாழ மூன்று தலைமுறைக் காலம் வந்தவர்களுள் பலர் ஊர் திரும்பினர், பலர் திரும்பவில்லை. திரும்பாதவர்களுள் ஒரு பகுதியினரே நாம் பேசும் இடுகாடுகளில் உள்ளோர்.

சதுப்பு நிலத்தை வெட்டித் திருத்திய தொடக்க ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வடிகால் வெட்டிக் கொசுவை ஒடுக்கிய பணி உலகப் புகழ் பெற்றது. அப்புகழின் மறுபக்கத்தில், வடிகால் வருமுன் மாண்டவர் உள்ளனர். அவர்க்குக் கல் இல்லை.

தோட்டத்து இடுகாடு எவ்வாறிருந்தது என்பதை இளையோர் பொருட்டுச் சொல்லவேண்டும். லயத்திலிருந்து விலகி, பால்மர நிரைகள் முடியுமிடத்தில், ஆற்றங்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ, மரம் நடுவதற்கு உதவாத மேட்டிலோ பள்ளத்திலோ அது அமைந்திருக்கும். வேலியோ வாயிலோ இராது. பெரும்பாலானவை வெறும் மண்மேடுகள். தலைமாட்டில் ஒரு செடியோ மரக்கட்டையோ இருக்கும். கையில் சிறிது பணம் சேர்ந்த குடும்பத்தார் சிமெண்டுக் கல் வைத்தனர். சிமெண்டு காயுமுன் ஆணியாலோ உளிமுனையாலோ எழுத்தைக் கீறினர். எழுதத் தெரிந்தவர் தோட்டப் பள்ளி ஆசிரியராக இருப்பார், அல்லது மண்டோர், அல்லது மூன்றாம் வகுப்பு வரை படித்த பையன்.

மொழியியலார்க்கு அவ்வெழுத்துகள் அரும்பொருள். இறப்பைக் குறிக்க எத்தனை தொடர்கள்! சிவபதவி அடைந்தார் என ஒரு கல்; வைகுந்த பதவி எய்தினார் என மற்றொன்று; இறைவனடி சேர்ந்தார் எனப் பிறிதொன்று. திராவிட இயக்கக் கருத்து தோட்டங்களில் பரவியபின் இயற்கை எய்தினார் என எழுதினர். புராட்டஸ்தாந்தர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பர். முஸ்லிம்கள் வஃபாத்தானார் என்பர். ஒரு சொல்லைக் கொண்டே அக்குடும்பத்தின் சமயத்தையும் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம்.

பிழைகளும் சான்றுகளே. பழனி என்பதைப் பளனி என்றும் பலனி என்றும் எழுதியிருந்தால், அஃது எழுதியவரின் நாவில் ழகரம் எவ்வாறு ஒலித்தது என்பதற்குச் சான்று. றகரத்தையும் ரகரத்தையும் மாற்றி எழுதியிருந்தால், பேச்சில் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது என்பதற்குச் சான்று. ஜில்லா, தாலுக்கா என்னும் சொற்களுடன் ஊர்ப்பெயர் எழுதியிருந்தால், அது கப்பலேறும்போது சொல்லிக் கொடுக்கப்பட்ட முகவரி. அலுவலகப் பதிவேட்டில் உரோமன் எழுத்தில் சிதைந்து போன பெயரும் ஊரும் கல்லில் மட்டுமே தமிழ் எழுத்தில் நின்றன.

எம் பாட்டனாரின் கல் சிலாங்கூர்க் கடலோரத் தோட்டம் ஒன்றின் கீழ்ப்பிரிவில் இருந்தது. எம் தந்தையார் அதிலுள்ளதைப் பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் எழுத்துப் பிசகாமல் பெயர்த்தெழுதி வைத்தார். நான்கே வரிகள்: பெயர், ஜில்லா, தாலுக்கா, கிராமம், விஜய வருடம் ஆடி மாதம் என்னும் குறிப்பு, கல் வைத்த மகனின் பெயர். இரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது அவ்விடம் உழப்பட்டது. நிலத்தை வாங்கியவர் எவருக்கும் அறிவிக்கவில்லை. அறிவிக்க எவர் முகவரியும் அவரிடம் இருந்திராது. எம் குடும்பத்துக்குப் பூர்வீக ஊர் எது என்பதை அந்நான்கு வரிகளே சொல்கின்றன. குறிப்பேடு இல்லையாயின் அவ்வூர்ப் பெயரும் இல்லை.

கல்லில்லாதவர்

இடுகாடே வாய்க்காதவர் கதை இதனினும் கொடிது. சப்பானியர் ஆட்சியில் சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. 1942 இல் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகளோடு பல்லாயிரம் ஆசியத் தொழிலாளரும் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையினர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் பாதையோரத்தில் மாண்டனர். இன்றும் சயாம் மரண ரயில் என்று சொன்னால் கிள்ளானிலும் காப்பாரிலும் பந்திங்கிலும் உள்ள முதிய குடும்பங்களில் எவரேனும் ஒருவர் பெயர் நினைவுக்கு வரும்.

காஞ்சனபுரி நகரில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. அங்கு ஏறத்தாழ ஏழாயிரம் பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெயர் தெரிந்த ஒவ்வொருவர்க்கும் பெயரும் படைப்பிரிவும் பொறித்த தகடு உண்டு, புல் வெட்டப்படுகிறது, உறவினர் வந்து மலர் வைக்க முடிகிறது. அதே பாதையில் அதே நோயால் மாண்ட தமிழ்த் தொழிலாளிக்கு அவ்வாறு ஒரு தகடு இல்லை. படைவீரர்க்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. தொழிலாளிக்குப் பட்டியலும் முறையாக இல்லை. எழுத்தில் இருந்தவனுக்கே கல் கிடைத்தது.

2023 ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் உள்ள தவோர்ன் பௌத்தக் கோயில் வளாகத்தில் அத்தமிழர்க்காக ஒரு நினைவுக்கல் எழுப்பப்பட்டது. மலேசியத் தமிழரும் தாய்லாந்துத் தமிழரும் முயன்று செய்த பணி அது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் நடுகல். ஆநிரைக்காக மாண்டவனுக்கு இட்ட கல்லின் பெயர், தண்டவாளத்திற்காக மாண்டவனுக்கும் பொருந்திற்று. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு சொல் அகராதியிலிருந்து எழுந்து வந்து தனக்குரிய வேலையைச் செய்தது என்பதில் மொழி மாணாக்கராகிய எமக்கு மகிழ்ச்சி. ஆனால் அக்கல்லில் தனித்தனிப் பெயர்களை முழுமையாகப் பொறிக்க இயலாது என்பது துயரம். அப்பெயர்கள் இன்று குடும்பங்களில் மட்டும் உள்ளன. குடும்பத்திலோ, முன்னர்ச் சொன்னவாறு, அவற்றைச் சொல்லும் வழக்கம் இல்லை.

பெயர்ந்தவையும் பெயராதவையும்

பெயர் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று நாமம், மற்றொன்று இடம்விட்டு நகர்தல். இவை வேறு வேறு சொற்கள். ஒலியால் மட்டும் ஒன்றுபட்டவை. ஆயினும் தோட்ட மக்கள் வரலாற்றில் இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

கிள்ளான் பள்ளத்தாக்கின் நகரங்களை எண்ணிப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயா 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்ட நிலத்தில் எழுந்தது. ஷா ஆலம் இருக்குமிடம் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயாவின் பெரும்பகுதி சீபீல்ட் தோட்டம். புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் தோட்டத்தில். அத்தோட்டம் முதல் உலகப்போரில் பங்குகொண்ட பிரித்தானிய வீரர்கள் 1921 இல் தொடங்கியது. பிராங் பெசார் என்றாலே பெரும்போர். புத்ராஜெயா நகரப்பணி தொடங்கியபோது அங்கும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்த தொழிலாளர் டெங்கிலுக்குக் குடிபெயர்ந்தனர்.

தோட்டம் நகரமாகும்போது மூன்று நிறுவனங்கள் கேள்விக்குள்ளாகின்றன: கோயில், பள்ளி, இடுகாடு. கோயிலைப் பெயர்ப்பதற்கு ஆகமம் வழி சொல்கிறது. திருமேனியின் ஆற்றலைக் கும்பத்தில் இறக்கி, பாலாலயத்தில் வைத்து, புதுக்கோயிலில் குடமுழுக்குச் செய்யலாம். பள்ளியைப் பெயர்ப்பதற்குக் கல்வி அமைச்சு வழி சொல்கிறது. அதனால்தான் பண்டார் உத்தாமாவில் உள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் எஃபிங்ஹாம் எனப் பெயர் தாங்கி நிற்கிறது. சுபாங் ஜெயாவில் உள்ளது சீபீல்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி எனப்படுகிறது. தோட்டம் மறைந்தும் அதன் பெயரைப் பள்ளி காத்துக்கொண்டிருக்கிறது. இடுகாட்டைப் பெயர்ப்பதற்கோ இந்துத் தமிழரிடையே வழக்கிலுள்ள சடங்கும் இல்லை, அச்செயலுக்கென ஒரு சொல்லும் இல்லை. எலும்பை எடுத்து மறுமுறை அடக்கும் வழக்கம் சீனரிடம் உண்டு, நம்மிடம் இல்லை. சொல் இல்லாத செயலைக் கோரிக்கையாக எழுதுவது எளிதன்று. கோயிலுக்காகவும் பள்ளிக்காகவும் குரல் எழுந்த இடங்களில் இடுகாட்டுக்காக எழாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என யாம் கருதுகிறோம்.

சட்டமும் ஒரு காரணம். தோட்டத்து இடுகாடு தோட்ட முதலாளியின் நிலப்பட்டாவுக்குள் அடங்கியது. 1965 ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில அரசு பொதுப்பயனுக்கென நிலத்தை ஒதுக்கி அரசிதழில் அறிவித்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டு. தனியார் நிலத்தின் மூலையில் எவரும் குறிக்காமல் இருந்த மேடுகளுக்கு அப்பாதுகாப்புக் கிட்டவில்லை. நிலம் கைமாறியபோது அவையும் கைமாறின.

இவ்விடத்தில் நாம் கூடியுள்ள வட்டாரத்தை நினைவிற்கொள்வது பயன் தரும். 1863 இல் தோன்றிய மஸ்ஜித் இந்தியா, சுற்றிலும் இருந்த எல்லாக் கட்டடங்களும் மாறியபின்னும் தன்னிடத்தில் நிற்கிறது; தமிழில் குத்பா உரை ஒலிக்கும் பள்ளிவாசலாக விளங்குகிறது. அதற்கு மக்கள் பற்றோடு வக்ஃபு என்னும் அறக்கொடை முறையும் துணை. இம்முறையின் வலிமையைப் பினாங்கில் இன்னும் தெளிவாகக் காணலாம். 1801 இல் அங்குப் பள்ளிவாசல் எழுப்பிய காப்பித்தான் கெலிங் காதர் மொகிதீன் 1834 இல் மறைந்தார். நெருக்கடி மிகுந்த ஜார்ஜ் டவுன் நகரின் நடுவே, கம்போங் கோலம் பகுதியில், அவர் அடக்கத்தலம் இன்றும் உள்ளது. கோலம் என்னும் மலாய்ச் சொல் நம் குளமே என்பது இடைக்குறிப்பு. செல்வரான அவர்க்கு நிலம் இருந்தது. நிலத்தை விற்கவொண்ணாத அறமாக்கும் முறை இருந்தது. இரப்பர்த் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரிடம் மாதந்தோறும் சிறு தொகை திரட்டித் தோட்டங்களை வாங்கியதன் பொருள் இவ்வொப்பீட்டில் விளங்கும். நிலம் உடையவர்க்கே துயிலிடமும் நிலைக்கும்.

செய்யத்தக்கன

பழைய தோட்டங்களை மீட்பது இம்மன்றத்தின் ஆற்றலுக்குள் இல்லை. பெயர்களை மீட்பது ஆற்றலுக்குள் உள்ளது. அதற்கு யாம் நான்கு செயல்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, எஞ்சியுள்ள கற்களைப் படியெடுத்தல். கோலா சிலாங்கூரிலும் கிள்ளானிலும் கோலா லங்காட்டிலும் செம்பனைத் தோட்டங்களுக்குள் இன்னும் சில இடுகாடுகள் உள்ளன. நிலமுடையவரிடம் முறைப்படி இசைவு பெற்று, ஒளிப்படம் எடுத்து, எழுத்தை அப்படியே பெயர்த்தெழுத வேண்டும். பிழையைத் திருத்தக் கூடாது. பிழையே நாம் தேடும் ஒலி. எழுத்து அழிந்த இடத்தில் அழிந்தது என்றே குறிக்க வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. தமிழ் ஆண்டுப்பெயர் மட்டும் உள்ள கற்களில் அறுபதாண்டுச் சுழற்சியைக் கருத்திற்கொள்ள வேண்டும். விஜய ஆண்டு 1893 இலும் வந்தது, 1953 இலும் வந்தது, 2013 இலும் வந்தது. கல்லின் பொருளும் தோட்டம் திறந்த ஆண்டும் உறவினர் வயதும் எந்த விஜய என்பதை முடிவுசெய்ய உதவும்.

இரண்டாவது, முதியோரிடம் கேட்டல். தாத்தாவின் பெயர் என்ன என்று நேராகக் கேட்டால் பாட்டி நாணிச் சிரித்துவிடுவார். யார் பெயரை யாருக்கு வைத்தீர்கள் என்று கேளுங்கள். பெயரன் முறையே விடை தரும். எந்தச் சாமியின் பெயர் என்று கேளுங்கள். குலதெய்வமும் ஊரும் சேர்ந்து வரும். ஒரு பேச்சு முறையால் மறைந்ததை மற்றொரு பேச்சு முறையால் வெளிக்கொணரலாம்.

மூன்றாவது, எழுதும் இடங்களைப் பெருக்குதல். தமிழகத்துத் திருமண அழைப்பிதழ்களில் இன்னாருடைய பேரனும் இன்னாருடைய மகனுமாகிய என்று எழுதும் வழக்கம் உண்டு. இங்கு அது சுருங்கி வருகிறது, அதனைப் பேணலாம். ஆடி அமாவாசையன்று கடற்கரையில் தர்ப்பணம் செய்விப்பவர் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்கிறார். மூன்றாம் பெயருக்கு வரும்போது இளையோர் பலர் திகைத்து நிற்கின்றனர். தமிழ் முஸ்லிம் இல்லங்களில் மறைந்தோர்க்காகப் பாத்திஹா ஓதும்போதும், கத்தோலிக்கர் நவம்பர் 2 ஆம் நாள் கல்லறைத் திருநாளில் கூடும்போதும் இதே வினா எழும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளில் மூன்று தலைமுறைப் பெயரும் பெண்வழி மூன்று தலைமுறைப் பெயரும் தமிழ் எழுத்தில் இருத்தல் வேண்டும். பெண்வழி என்பதை வலியுறுத்திச் சொல்கிறோம். கற்கள் பலவற்றில் பெண் இன்னாரின் மனைவி என்று மட்டுமே குறிக்கப்பட்டாள்.

நான்காவது, ஒரு சொல்லை வழக்கிற்குக் கொண்டுவருதல். மாநில அரசிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் மடல் எழுதுவோர் பழைய சுடுகாடு என்று எழுதுகின்றனர். அச்சொல் அச்சத்தையும் அருவருப்பையும் தரும் சொல்லாகிவிட்டது. மூதாதையர் துயிலிடம் என்று எழுதலாம் என்பது எம் பரிந்துரை. பள்ளிப்படை என்பதில் உள்ள பள்ளியும் துயிலிடமே ஆதலின் இது புதுச்சொல் அன்று. பழம்பொருளின் எளிய வடிவம். எஞ்சியுள்ள துயிலிடம் எதையேனும் மாநில அரசு ஒதுக்கீட்டு நிலமாக அறிவிக்க வேண்டும் என்று கோரும்போது, கோரப்படுவது எது என்பதை அச்சொல்லே உணர்த்தும்.

அவையோரே, மரியாதையால் சொல்லாதிருந்த பெயரைக் கல் சொல்லிக்கொண்டிருந்தது. கல் சாய்ந்துவிட்ட இடத்தில் நாம் சொல்ல வேண்டியவர்களாகிறோம். பாட்டன் பெயரைச் சொல்வது இனி மரியாதைக் குறைவு ஆகாது. சொல்லாதிருப்பதே அவரை இழப்பதாகும். இம்மன்றம் ஒரு பதிவேட்டைத் திறக்க முன்வந்தால், எம் தந்தையாரின் குறிப்பேட்டிலுள்ள நான்கு வரிகளை அதன் முதற்பக்கத்துக்கு அளிக்க யாம் அணியமாக உள்ளோம். அடுத்த பக்கங்கள் உங்களுடையவை.